பூட்டை வெட்டி ஏலம்... அமெரிக்காவின் ‘ஸ்டோரேஜ் யூனிட்’ வியாபாரம்: ஷட்டருக்குள் இருப்பது புதையலா, குப்பையா?

1989-ம் ஆண்டு. நியூயார்க் அருகே உள்ள லாங் ஐலேண்டில் ஒரு வாடகை குடோன் ஏலத்துக்கு வந்தது. பல வருட வாடகையை முன்பணமாகக் கட்டிவிட்டுப் போனவர், பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே சுமார் 100 டாலருக்கு அதை எடுத்தார் உள்ளூர்க்காரர் ஒருவர். போர்த்தியிருந்த கம்பளிகளை விலக்கினால், வெள்ளை நிறத்தில் விசித்திரமாக ஒரு கார். அதை லாரியில் ஏற்றிக்கொண்டு போகும்போது, ரோட்டில் எதிர்ப்பட்ட லாரி டிரைவர்கள்தான் ரேடியோவில் சொல்லியிருக்கிறார்கள்: “இது ஜேம்ஸ் பாண்ட் காராச்சே!”

ஆமாம். 1977-ல் வெளியான ‘தி ஸ்பை ஹூ லவ்டு மீ’ படத்தில் கடலுக்குள் பாய்ந்து நீர்மூழ்கியாக மாறுமே, அதே லோட்டஸ் எஸ்பிரிட். 2013-ல் லண்டனில் நடந்த ஏலத்தில் அது 5,50,000 பவுண்டுக்குப் போனது. அன்றைய மதிப்பில் 5 கோடி ரூபாய்க்கும் மேல். வாங்கியவர் எலான் மஸ்க்.

100 டாலர் போட்டு கோடீஸ்வரர் ஆகலாம் என்று ரீல்ஸில் சுற்றும் வீடியோக்களுக்கு இப்படிப்பட்ட கதைகள்தான் தீனி. ஆனால் அந்தப் பூட்டு எப்போது வெட்டப்படுகிறது, வாங்கியவருக்கு உண்மையில் என்ன மிஞ்சுகிறது, பொருளைப் பறிகொடுத்தவர் என்ன ஆகிறார்? அதெல்லாம் ரீல்ஸில் வருவதில்லை.

அது என்ன ஸ்டோரேஜ் யூனிட்?

அமெரிக்காவில் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரமாகப் போனால், ஒரே மாதிரி இரும்பு ஷட்டர்கள் வரிசையாக இருக்கும் நீளமான கட்டடங்களைப் பார்க்கலாம். வீட்டில் வைக்க இடமில்லாத சாமான்களை மாத வாடகைக்குப் போட்டுவைக்கும் இடம். 5-க்கு 5 அடி என்றால் ஒரு பெரிய அலமாரி அளவு. 10-க்கு 10 அடி என்றால் ஒரு சின்ன வீட்டின் சாமான் முழுவதும் அடங்கிவிடும். பூட்டு வாடகைதாரருடையது, சாவியும் அவரிடம்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று நடத்துபவருக்கே தெரியாது.

நாடு முழுக்க இப்படி 50,000-க்கும் அதிகமான இடங்கள் இருக்கின்றன. சுமாராகப் பத்து வீட்டில் ஒரு வீடு இப்படி ஒரு யூனிட்டை வாடகைக்கு வைத்திருக்கிறது. 1972-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய ‘பப்ளிக் ஸ்டோரேஜ்’ இன்று பங்குச்சந்தையில் இருக்கும் பெரிய நிறுவனம்.

அவ்வளவு சாமானா என்று கேட்கலாம். வீடு மாறும்போது, விவாகரத்து ஆகும்போது, அப்பா அம்மா இறந்து அவர்கள் வீட்டைக் காலி செய்யும்போது, வேலை போய் சின்ன வீட்டுக்குக் குடிபோகும்போது, ராணுவத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பும்போது... ‘ரெண்டு மாசம்தானே, வெச்சிருப்போம்’ என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். அந்த ரெண்டு மாசம் ரெண்டு வருஷமாகும். கட்டிய வாடகை, உள்ளே இருக்கும் சோபாவின் விலையைத் தாண்டிப் போயிருக்கும்.

வாடகை கட்டாவிட்டால் உடனே பூட்டை வெட்டிவிடுவார்களா?

இல்லை. நம்ம ஊரில் நகைக் கடனை மீட்காவிட்டால் நோட்டீஸ் விட்டு, பேப்பரில் விளம்பரம் கொடுத்து ஏலம் விடுகிறார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். வாடகை பாக்கிக்காக உள்ளே இருக்கும் பொருளின் மீது குடோன்காரருக்குச் சட்டம் ஒரு உரிமை கொடுக்கிறது. மாகாணத்துக்கு மாகாணம் விதிகள் மாறும். கலிபோர்னியாவை எடுத்துக்கொள்வோம்.

அங்கே 14 நாள் தொடர்ச்சியாக வாடகை பாக்கி இருந்தால் முதல் நோட்டீஸ் போகும். பணம் கட்ட குறைந்தது இன்னொரு 14 நாள் அவகாசம். அப்போதும் கட்டவில்லை என்றால் வாடகைதாரரை உள்ளே விட மறுக்கலாம். அடுத்து, பொருளை விற்கப் போகிறோம் என்று இரண்டாவது நோட்டீஸ். இதோடு ஒரு படிவமும் சேர்ந்து வரும். ‘இந்த விற்பனையை எதிர்க்கிறேன்’ என்று அதில் கையெழுத்துப் போட்டு உரிய தேதிக்குள் அனுப்பினால், குடோன்காரர் ஏலம் விட முடியாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அனுப்பவில்லை என்றால் விளம்பரம் கொடுத்து ஏலம். எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட இரண்டு மாதமாவது ஆகிவிடும்.

ஏலத்துக்கு முந்தின நிமிடம் வரைகூட வாடகைதாரர் பாக்கியைக் கட்டி மீட்டுக்கொள்ளலாம். அது அடிக்கடி நடக்கவும் செய்கிறது. பத்து யூனிட் ஏலம் என்று நம்பி 60 மைல் வண்டி ஓட்டி வந்த வியாபாரிக்கு, வந்து பார்த்தால் மூன்றுதான் மிச்சம் இருக்கும்.

பிரச்சினை எங்கே என்றால், நோட்டீஸ் போகும் முகவரிதான். வீடு மாறும்போதுதான் பாதிப் பேர் யூனிட் எடுக்கிறார்கள். அப்படியென்றால் ஒப்பந்தத்தில் இருப்பது பழைய வீட்டு முகவரி! மருத்துவமனையில் கிடப்பவருக்கும், சிறையில் இருப்பவருக்கும், இறந்தே போனவருக்கும் தபால் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். படிக்கத்தான் ஆள் இருக்காது.

ராணுவத்தினருக்கு மட்டும் தனிப் பாதுகாப்பு உண்டு. பணியில் இருக்கும்போதும், அது முடிந்து 90 நாள் வரையிலும், கோர்ட் உத்தரவு இல்லாமல் அவர்கள் பொருளை ஏலம் விடக் கூடாது என்கிறது அமெரிக்க மத்திய அரசின் சட்டம்.

ஏல நாளில் என்ன நடக்கும்?

பூட்டை வெட்டுவார்கள், ஷட்டரைத் தூக்குவார்கள். அவ்வளவுதான். யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது. வாசலில் நின்று டார்ச் அடித்துப் பார்க்க ஒரு சில நிமிடம். பிறகு ஏலம். பொருள் பொருளாக எடுக்க முடியாது, மொத்த யூனிட்டும் ஒரே விலை. ஜெயித்தவர் பணத்தைக் கட்டி, தன்னுடைய பூட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தச் சில நிமிடத்தில்தான் அனுபவம் பேசும். ஒரே அளவுப் பெட்டிகள், ஒழுங்காக டேப் ஒட்டி, ‘சமையலறை’, ‘புத்தகம்’ என்று எழுதியிருந்தால் நல்ல அறிகுறி. பொருளைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட ஆள். கருப்பு குப்பைப் பையில் துணியைத் திணித்து வீசியிருந்தால் யோசிக்க வேண்டும். மெத்தை, பழைய பெரிய டப்பா டிவி, பாதி தீர்ந்த பெயிண்ட் டப்பா, டயர்... இதெல்லாம் விற்காது என்பது மட்டுமில்லை, தூக்கிப் போடவே காசு கட்ட வேண்டும். கைக்கருவிகள், இசைக்கருவிகள், பழைய பொம்மைகள், இசைத்தட்டுகள் வேகமாக விற்கும்.

தரையில் தூசி எப்படிப் படிந்திருக்கிறது என்றுகூடப் பார்ப்பார்கள். எல்லா இடமும் தூசி, நடுவில் மட்டும் ஒரு சதுரம் சுத்தமாக இருந்தால்? அங்கே இருந்த நல்ல பொருளை வாடகைதாரரே முன்னாடி எடுத்துப் போயிருக்கலாம்.

இந்தக் காட்சிகூட இப்போது குறைந்துவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு பெரும்பாலான ஏலங்கள் ‘ஸ்டோரேஜ் டிரெஷர்ஸ்’ போன்ற இணையதளங்களுக்குப் போய்விட்டன. வாசலில் நின்று எடுத்த சில புகைப்படங்களைப் பார்த்து, வீட்டில் சோபாவில் உட்கார்ந்தபடியே விலை கேட்கலாம். அலைச்சல் மிச்சம். ஆனால் முன்பு முப்பது பேர் நின்ற இடத்தில் இப்போது முந்நூறு பேர் பார்க்கிறார்கள். மலிவாக எடுப்பது அவ்வளவு சுலபம் இல்லை.

கணக்குப் போட்டால் என்ன மிஞ்சும்?

ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு. 10-க்கு 10 அடி யூனிட்டை ஒருவர் 400 டாலருக்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏலத் தளத்துக்குக் கட்டணம் 60 டாலர். வாடகை லாரி, பெட்ரோல் 120 டாலர். குப்பைக் கிடங்கில் கொட்ட 80 டாலர். பொருள் கைக்கு வருவதற்குள் 660 டாலர் போய்விட்டது. இது தவிர, யூனிட்டைத் துடைத்துக் கொடுத்தால்தான் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு டெபாசிட் வேறு வாங்குவார்கள். காலி செய்யக் கிடைப்பது இரண்டு மூன்று நாள்தான்.

பொருளை எல்லாம் விற்று 950 டாலர் வருகிறது என்று வையுங்கள். இபே கமிஷன், பார்சல் செலவு 100 டாலர் கழித்தால் 850. மிச்சம் 190 டாலர். இதற்கு இரண்டு பேர் இரண்டு நாள் மூட்டை தூக்கியிருக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு கப்பையும் சாஸரையும் கழுவி, போட்டோ எடுத்து, விலை போட்டு, ‘இன்னும் இருக்கா?’ என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி, இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறார்கள். வருமான வரி வேறு உண்டு.

இதை வைத்தே பிழைப்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் சொந்த லாரி இருக்கும், சாமான் போட இடம் இருக்கும், எதை யாரிடம் தள்ளலாம் என்ற தொடர்பு இருக்கும். பழைய நாற்காலிக்கு ஒரு கடைக்காரர், இரும்புக்கு ஒரு ஆள், துணிக்கு ஒரு ஆள். மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பரப்புவார்கள். பாசடீனா நகரின் ரோஸ் போல் மைதானத்தில் மாதம் ஒருமுறை கூடும் சந்தை இதற்குப் பேர் போனது. நம்ம ஊர் பழைய சாமான் கடைக்காரர் செய்யும் அதே வேலைதான், கொஞ்சம் பெரிய அளவில்.

டிவியில் மட்டும் எப்படி தினம் தினம் புதையல் வருது?

2010 டிசம்பரில் ஏ அண்ட் இ சேனலில் ‘ஸ்டோரேஜ் வார்ஸ்’ ஷோ ஆரம்பித்தது. கலிபோர்னியா குடோன் ஏலங்களில் போட்டி போடும் சில வியாபாரிகள், அவர்களுக்குள் சண்டை, கடைசியில் பெட்டிக்குள்ளிருந்து ஏதோ ஒரு அபூர்வப் பொருள். செம ஹிட். அதுவரை பழைய வியாபாரிகள் மட்டும் கூடிய ஏலங்களில் கூட்டம் குவிந்தது, விலையும் ஏறியது.

2012 டிசம்பரில் அந்த ஷோவின் முக்கிய முகங்களில் ஒருவரான டேவ் ஹெஸ்டர் சேனல் மீதே வழக்கு போட்டார். தயாரிப்பாளர்களே விலை உயர்ந்த பொருள்களை யூனிட்டுக்குள் முன்கூட்டியே வைக்கிறார்கள் என்பது அவரது குற்றச்சாட்டு. குப்பைக் குவியலுக்கு அடியில் ஒரு பிஎம்டபிள்யூ மினி காரையே புதைத்து வைத்தார்கள் என்றும் மனுவில் சொல்லியிருந்தார். நிகழ்ச்சியின் உள்ளடக்கம் கருத்துச் சுதந்திரத்தின் கீழ் வருவது என்று சேனல் தரப்பு வாதிட்டது. 2013-ல் வழக்கின் ஒரு பகுதியை நீதிமன்றம் அந்த அடிப்படையில் தள்ளுபடி செய்தது. மீதி 2014-ல் சமரசத்தில் முடிந்தது. பொருளை உள்ளே வைத்தார்களா இல்லையா என்ற கேள்விக்குத் தீர்ப்பு வரவே இல்லை.

ஏலத்தில் எடுத்தால் எல்லாமே உங்களுடையதா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பாண்ட் கார் விஷயத்தில் எடுத்தவருக்கே சொந்தமாகிவிட்டது. எப்போதும் அப்படி நடக்காது.

2000-ல் ஹாலிவுட் நடிகர் நிக்கோலஸ் கேஜ் வீட்டிலிருந்து ஒரு காமிக்ஸ் புத்தகம் திருடு போனது. சூப்பர்மேன் முதன்முதலாக அறிமுகமான, 1938-ல் வெளிவந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ். 11 வருடம் தகவலே இல்லை. 2011-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் உள்ள சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில், கைவிடப்பட்ட யூனிட் ஒன்றின் சாமான்களோடு அது வெளியே வந்தது. மொத்த யூனிட்டையும் ஒருவர் காசு கொடுத்துத்தான் வாங்கியிருந்தார். ஆனாலும் புத்தகம் அவருக்குக் கிடைக்கவில்லை, கேஜிடமே திரும்பியது. திருட்டுப் பொருள் எத்தனை கை மாறினாலும் திருட்டுப் பொருள்தான். அதே ஆண்டு நவம்பரில் அந்த இதழ் 21.6 லட்சம் டாலருக்கு விற்றது. அன்றைய மதிப்பில் சுமார் 11 கோடி ரூபாய்.

துப்பாக்கி கிடைத்தாலும் தகவல் சொல்லாமல் வீட்டுக்கு எடுத்துப் போனால் சிக்கல்தான். அதே மாதிரி குடும்ப போட்டோ, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், மருத்துவ ரிப்போர்ட், அஸ்தி வைத்த கலசம்... இவற்றையெல்லாம் குடோன் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று பெரும்பாலான ஏல நிபந்தனைகளிலேயே இருக்கும். கலசமா என்று அதிர்ச்சியாக வேண்டாம். யூனிட்டுகளில் அதுவும் கிடைக்கத்தான் செய்கிறது.

எல்லாரும் ஒப்படைக்கிறார்களா என்பது வேறு கேள்வி. பிரபலம் பாரிஸ் ஹில்டனின் ஸ்டோரேஜ் யூனிட், வெறும் 208 டாலர் பாக்கிக்காக ஏலம் போனது. அதில் இருந்த டைரி, அந்தரங்கப் புகைப்படங்கள், மருத்துவ ஆவணங்கள் எல்லாம் 2007-ல் பணம் கட்டிப் பார்க்கும் இணையதளத்தில் ஏறின. அவர் கோர்ட்டுக்குப் போய்த்தான் அதை நிறுத்தப் போராட வேண்டியிருந்தது. அத்தனை வசதியும் வழக்கறிஞர்களும் இருந்தவருக்கே அந்த நிலை.

பறிகொடுத்தவருக்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கலாம். ஏலத்தில் வந்த பணத்தில் பாக்கியும் செலவும் போக மிச்சம் இருந்தால் அது வாடகைதாரருக்குச் சேர வேண்டியது. கலிபோர்னியாவில் ஒரு வருடத்துக்குள் கேட்டு வாங்கலாம், கேட்காவிட்டால் அது கவுன்டி கருவூலத்துக்குப் போய்விடும். இப்படி ஒரு உரிமை இருப்பதே பலருக்குத் தெரியாது. அதைவிட முக்கியம், பல ஏலங்களில் மிச்சமே இருப்பதில்லை. குடோன்காரருக்கும் இது லாபமான வேலை கிடையாது. யூனிட் காலியானால் அடுத்தவருக்கு வாடகைக்கு விடலாம், அதுதான் அவர் கணக்கு.

ஏலத்தில் எடுத்தவருக்குக் கொண்டாட்டம் இல்லாமல் முடிவதும் உண்டு. பெட்டியைத் திறந்தால் குழந்தையின் முதல் செருப்பு, மருத்துவமனை கைப்பட்டை, ஒரு கட்டு கடிதம் என்று வரும். சந்தையில் அதற்கு விலை பூஜ்யம். குப்பைக்குப் போவதில் பாதி அதுதான்.

சிகாகோவின் ஆயா வைத்திருந்த பெட்டிகள்

இந்த வியாபாரத்தில் இதுவரை வெளிவந்ததிலேயே பெரிய பொக்கிஷம் தங்கமோ காரோ கிடையாது. ஃபிலிம் சுருள்கள்.

விவியன் மேயர் என்று ஒரு பெண்மணி. 1926-ல் நியூயார்க்கில் பிறந்தவர். சிகாகோ பகுதியில் வசதியான வீடுகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாகச் சுமார் 40 வருடம் வேலை பார்த்தார். கழுத்தில் எப்போதும் ஒரு கேமரா தொங்கும். பிள்ளைகளோடு தெருவில் நடக்கும்போதெல்லாம் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். எடுத்ததை யாரிடமும் காட்டவில்லை. பல ஃபிலிம் ரோல்களை அவரே கழுவிப் பார்க்கவில்லை. வேலை செய்யும் வீடு மாறும்போதெல்லாம் பெட்டிகள் கூடிக்கொண்டே போக, கடைசியில் எல்லாம் வாடகை குடோனுக்குள் போயின.

வயதான காலத்தில் கையில் பணம் இல்லை. அவர் வளர்த்த பிள்ளைகளே பெரியவர்களாகி அவருக்கு வீடு பிடித்துக் கொடுத்தார்கள். குடோன் வாடகை மட்டும் நின்றுபோனது. 2007-ல் சாமான் ஏலத்துக்குப் போனது. சிகாகோவில் தன் பகுதியைப் பற்றிப் புத்தகம் எழுத பழைய போட்டோக்கள் தேடிக்கொண்டிருந்த ஜான் மலூஃப் என்ற இளைஞர், நெகட்டிவ்கள் நிரம்பிய ஒரு பெட்டியை 400 டாலர் அளவில் எடுத்தார். புத்தகத்துக்கு அது உதவவில்லை என்று கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிட்டார்.

பிறகுதான் ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். மற்றவர்கள் வாங்கிய பெட்டிகளையும் தேடி வாங்கினார். மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள். ஒரு உறையில் இருந்த பெயரை 2009-ல் இணையத்தில் தேடியபோது கிடைத்தது, சில நாள்களுக்கு முன் வெளியான மரண அறிவிப்பு. ஏப்ரல் மாதம் மேயர் இறந்திருந்தார். பெட்டிகள் விலை போன இரண்டு வருடமும் அவர் சிகாகோ பகுதியில்தான் இருந்தார்.

இன்று 20-ம் நூற்றாண்டின் முக்கியமான தெருப் புகைப்படக் கலைஞர்களில் ஒருவராக அவரைச் சொல்கிறார்கள். ‘ஃபைண்டிங் விவியன் மேயர்’ என்ற ஆவணப்படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. படங்களின் பிரதிகள் கேலரிகளில் ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றன.

அப்போதுதான் சட்டச் சிக்கல் வந்தது. ஏலத்தில் வாங்கியது ஃபிலிமைத்தான், அந்தப் படத்தைப் பிரதி எடுத்து விற்கும் உரிமையை அல்ல. காப்புரிமை படம் எடுத்தவருக்கு, அவருக்குப் பிறகு அவரது வாரிசுக்கு. மேயருக்குக் கணவரோ குழந்தையோ இல்லை. பிரான்ஸில் இருக்கும் தூரத்துச் சொந்தங்கள் யார் யார் என்ற தேடல் தொடங்கி, 2014-ல் விஷயம் கோர்ட்டுக்குப் போனது. மேயரின் சொத்தாக அந்த உரிமையைக் கவனிக்கும் பொறுப்பை குக் கவுன்டி நிர்வாக அதிகாரி எடுத்துக்கொண்டார். பெட்டிக்கு 400 டாலர் கொடுத்த மலூஃப், அதிலிருந்து பிரதி எடுத்து விற்க 2016-ல் அந்தத் தரப்போடு ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது.